லமலேரா: எறியுளிக்குப் பின்னால் இருக்கும் பங்கு முறை

இந்தோனேசியாவின் கிழக்குப் பகுதியில் லெம்பாத்தா என்னும் தீவில் லமலேரா என்றொரு கடலோர ஊர் இருப்பதாகவும், அங்குள்ளவர்கள் மரப்படகில் சென்று கையால் எறியுளி பாய்ச்சி இன்றும் திமிங்கிலம் பிடிப்பதாகவும் கேள்விப்பட்டு, அது உண்மையா, பெரும்பாலான நாடுகள் இந்த வேட்டையைக் கைவிட்ட பிறகு அங்கே மட்டும் எப்படி நடக்கிறது, வெளியார் அந்த ஊருக்குப் போக முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். செய்தி உண்மைதான். ஆனால் அதைப் பற்றிய பெரும்பாலான விவரணைகள், படகின் முன்மேடையிலிருந்து திமிங்கிலத்தின் முதுகின் மேல் பாயும் மனிதனோடு நின்றுவிடுகின்றன. கரைக்கு வந்த திமிங்கிலம் மறுநாள் எவ்வாறு பங்கிடப்படுகிறது, அந்தப் பங்கு எந்தெந்த வீடுகளைச் சென்றடைகிறது என்பதே லமலேராவைப் புரிந்துகொள்ள முதன்மையான செய்தி என்பது என் கருத்து. ஆகவே அதற்குக் கூடுதல் இடம் கொடுத்து எழுதுகிறேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஃபுளோரெஸ் தீவின் கிழக்கு முனையிலிருந்து அடோனாரா, சோலோர், லெம்பாத்தா என்று சிறு தீவுகள் வரிசையாகத் தொடர்கின்றன. பழைய நிலப்படங்களில் லோம்பிளென் என்று குறிக்கப்பட்ட லெம்பாத்தாவே அவற்றுள் பெரியது. கிழக்கு நுசா தெங்காரா மாகாணத்தைச் சேர்ந்த இத்தீவு, கிழக்கு ஃபுளோரெஸ் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு 1999-இல் தனி மாவட்டமானது. அதன் தலைநகர் மேற்குக் கரையிலுள்ள லெவோலேபா. வடக்கே லெவோதோலோக் எரிமலை இன்றும் உயிரோடு இருக்கிறது. 2020 நவம்பர் இறுதியில் அது பெரிய அளவில் வெடித்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் செரோஜா புயலின் பெருமழை அதன் சரிவுகளிலிருந்து மண்ணையும் பாறையையும் ஊர்களின் மேல் கொண்டுவந்து கொட்டியதில் பலர் உயிரிழந்தனர். லமலேரா இதற்கு நேர் எதிர்த்திசையில், தீவின் தென்கரையில், லபலெக்காங் என்னும் மற்றொரு எரிமலையின் அடிவாரத்தில், திறந்த கடலைப் பார்த்து அமைந்திருக்கிறது. மேல் ஊர், கீழ் ஊர் என இரு பிரிவுகளாக உள்ள அதில் ஏறத்தாழ 2,000 பேர் வாழ்கின்றனர். கரையில் சிறியதொரு மணற்பரப்பும் அதையொட்டி ஓலைக்கூரையிட்ட படகுக் கொட்டகைகளும் இருக்கின்றன. அவற்றுக்குப் பின்னால் நிலம் செங்குத்தாக மலையேறிவிடுகிறது. உழுது பயிரிடத்தக்க மண் அங்கே மிகக் குறைவு. ஊரின் வாழ்க்கை முழுவதும் இந்த ஒரு குறையிலிருந்தே தொடங்குகிறது.

நிலம் கொடுக்காததைக் கடல் கொடுக்கிறது. அதற்கும் காரணம் உண்டு. பசிபிக் பெருங்கடலின் நீர் இந்தோனேசியத் தீவுகளின் இடைவெளிகள் வழியாக இந்தியப் பெருங்கடலுக்குள் ஓயாமல் பாய்ந்துகொண்டிருக்கிறது. அந்நீர் வெளியேறும் முக்கியமான வழிகளுள் ஒன்று, லெம்பாத்தாவுக்குக் கிழக்கே அலோர் தீவுக்கும் தீமோருக்கும் இடையிலுள்ள ஓம்பாய் நீரிணை. ஊருக்கு எதிரே விரியும் சவு கடல் 3,000 மீட்டருக்கும் கூடுதலான ஆழம் கொண்டது. எரிமலைத் தீவுகளானதால் கரையிலிருந்து சிறிது தூரம் சென்றாலே அடித்தளம் கீழிறங்கிவிடுகிறது. தென்கிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் ஆழத்துக் குளிர்நீர் சத்துகளோடு மேலே வர, மீன் பெருகுகிறது, கணவாய் பெருகுகிறது. கணவாயைத் தின்று வாழும் எண்ணெய்த் திமிங்கிலம், ஒரு மணி நேரம் வரையிலும் மூச்சடக்கி ஆயிரம் மீட்டருக்குக் கீழே மூழ்கக்கூடிய விலங்கு. வேறிடங்களில் நடுக்கடலுக்குப் போய்த் தேட வேண்டிய இந்த விலங்கை, லமலேராவில் கரையிலிருந்தே கண்ணால் காண முடிகிறது. ஆண் திமிங்கிலம் 16 மீட்டர் அளவுக்கும், பெண் 11 மீட்டர் அளவுக்கும் வளரும். அதன் மூச்சு நீராவி மற்றத் திமிங்கிலங்களைப் போல நேராக மேலெழாமல் இடப்பக்கம் முன்னோக்கிச் சாய்ந்து எழும். தொலைவிலிருந்தே இனத்தை அடையாளம் காண ஊரார் இதையே பார்க்கின்றனர்.

இனத்தை அடையாளம் காண்பது அவர்களுக்கு இன்றியமையாதது, ஏனெனில் எல்லாத் திமிங்கிலங்களையும் அவர்கள் தொடுவதில்லை. நீலத் திமிங்கிலம் உள்ளிட்ட பல்லில்லாத பெருந்திமிங்கிலங்களை வேட்டையாடுவது லமலேராவில் விலக்கப்பட்டது. அண்டைத் தீவான சோலோரில் உள்ள லமக்கேரா என்னும் முஸ்லிம் ஊராரோ மரபாக அந்தப் பல்லில்லாத இனங்களையே வேட்டையாடி வந்தவர்கள். ஒரே லமஹோலோட் மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த இவ்விரு ஊர்களும் ஒரே கடலில் வேறுவேறு இரைகளைத் தமக்குரியவையாகக் கொண்டிருந்தன. பின்னால் சொல்லப்போகும் ஒரு செய்திக்காக லமக்கேராவின் பெயரையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

லமலேரா மக்கள் தாங்கள் அத்தீவின் ஆதிக்குடிகள் என்று சொல்லிக்கொள்வதில்லை. தங்கள் முன்னோர் சுலவேசியின் லுவுக் பகுதியிலிருந்து புறப்பட்டு, செராம், அம்போன் வழியாக லெம்பாத்தாவுக்குக் கிழக்கேயுள்ள லெப்பான் பத்தான் என்னும் சிறு தீவில் தங்கியதாகவும், அத்தீவைக் கடல் பொங்கி அழித்தபோது தப்பி இங்கே வந்ததாகவும் அவர்களது மரபுக்கதை கூறுகிறது. வந்து சேர்ந்த இடத்தில் ஏற்கெனவே மண்ணுக்கு உரியவர்களாக இருந்த குலங்களிடம் இடம் பெற்றே அவர்கள் குடியேறினர். அந்த மண்ணுரிமைக் குலங்களுக்குத் திமிங்கிலத்தில் இன்றும் ஒரு பங்கு உண்டு. எழுத்துச் சான்று என்று பார்த்தால், 1624-ஆம் ஆண்டைச் சேர்ந்த, எழுதியவர் பெயர் தெரியாத ஒரு போர்ச்சுகீசிய ஆவணம், இப்பகுதித் தீவினர் எண்ணெய்க்காக எறியுளி கொண்டு திமிங்கிலம் பிடிப்பதைக் குறிப்பிடுகிறது. ஆகவே ஐரோப்பிய, அமெரிக்கத் திமிங்கிலக் கப்பல்கள் இக்கடலுக்கு வந்து கற்றுக்கொடுத்த தொழில் இது என்று சிலர் ஊகித்தது தவறு. அக்கப்பல்கள் வருவதற்கு முன்பே இங்கே அது நடந்துகொண்டிருந்தது.

ஊரார் இன்று கத்தோலிக்கர்கள். ஃபுளோரெஸின் லாராந்துகாவிலிருந்து வந்த பாதிரிமார் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் முதல் திருமுழுக்குகளைக் கொடுத்தனர். 1920-களில் பெர்னார்ட் போடே என்னும் ஜெர்மானியக் குரு அங்கேயே தங்கிப் பணியாற்றிய பிறகு சமயமாற்றம் வேரூன்றியது. அதனால் பழைய சடங்குகள் அழிந்துவிடவில்லை. இரண்டும் ஒரே நாள்வரிசையில் இடம் பிடித்துக்கொண்டன. மே முதல் அக்டோபர் வரையிலான வேட்டைப் பருவத்துக்கு லெஃபா என்று பெயர். அது தொடங்குவதற்கு முன் ஊரார் கடற்கரையில் கூடி, கடந்த ஆண்டின் குறைகளையும் சச்சரவுகளையும் வெளிப்படையாகப் பேசித் தீர்க்கின்றனர். மண்ணுரிமைக் குலத்தார் மலைச்சரிவில் திமிங்கில வடிவில் கிடக்கும் பாறைக்குச் சென்று, திமிங்கிலங்களைக் கடலுக்கு அழைக்கும் சடங்கைச் செய்கின்றனர். கடலில் மாண்டவர்களுக்காக ஏப்ரல் 30 அன்று வழிபாடு நடக்கிறது. மே 1 அன்று கடற்கரையிலேயே திருப்பலி நிறைவேற்றி, குரு படகுகளின் மேல் தீர்த்தம் தெளித்த பிறகே பருவத்தின் முதல் படகு கடலில் இறங்கும். அதன்பின் ஞாயிறு தவிர மற்ற நாட்களில் படகுகள் கடலுக்குப் போகலாம்.

சச்சரவுகளைத் தீர்த்துவிட்டுத்தான் கடலில் இறங்க வேண்டும் என்னும் இந்த விதியை வெறும் நம்பிக்கை என்று ஒதுக்கிவிடக் கூடாது. எறியுளி தவறினாலோ, கயிறு அறுந்தாலோ, படகுக்குச் சேதம் வந்தாலோ, கரைக்கு வந்ததும் எந்த வீட்டில் என்ன மனக்கசப்பு இருக்கிறது என்றுதான் முதலில் தேடுவார்கள். கண்டுபிடித்து, சம்பந்தப்பட்டவர்களைச் சமாதானப்படுத்திய பிறகே மறுபடி கடலுக்குப் போவார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே கணத்தில் ஒரே செயலைச் செய்தால்தான் உயிர் பிழைக்க முடியும் என்ற நிலையில், இருவருக்கிடையே உள்ள கசப்பு மற்ற பத்துப் பேரின் உயிரையும் பாதிக்கும் என்பது அவர்கள் அனுபவத்தில் கண்ட உண்மை.

அவர்களின் படகுக்குத் தெனா என்று பெயர். இந்தோனேசிய மொழியில் பெலெடாங் என்பார்கள். பத்து முதல் பன்னிரண்டு மீட்டர் நீளமுள்ள அப்படகில் இரும்பு ஆணி கிடையாது. பலகைகளை மர முளைகளால் ஒன்றோடொன்று பொருத்தி, உட்புறம் விலாக்கட்டைகளோடு கயிற்றால் இறுக்கிக் கட்டுகின்றனர். திமிங்கிலம் வாலால் அடிக்கும்போதும் பக்கவாட்டில் மோதும்போதும் இந்தக் கட்டு சற்று நெகிழ்ந்து கொடுக்கும். ஆணியடித்த மரமானால் பிளந்துவிடும். இருபுறமும் மூங்கில் மிதவைகள் உண்டு. இரு கால்கள் கொண்ட பாய்மரத்தில், தாளிப்பனை இனத்து மரத்தின் ஓலையை முடைந்து செய்த செவ்வகப் பாயைக் கட்டுகின்றனர். படகின் முகப்பான அணியத்துக்கு முன்னால் மூங்கிலால் ஆன ஒரு மேடை கடலின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும்; எறியுளியாளர் நிற்பது அங்கேதான். அணியத்தின் இருபக்கமும் கண்கள் வரையப்பட்டிருப்பதும் உண்டு. பலகைகளின் எண்ணிக்கையும் அடுக்கும் முன்னோர் வகுத்தபடியே இருக்க வேண்டும். ஒரு படகு பழுதாகிப் புதிதாகக் கட்டினாலும் அதே பெயரை இட்டு, அதே படகாகவே அதைக் கருதுகின்றனர். கடலில் படகு அழிந்துவிட்டால், இறந்தவருக்குச் செய்வதுபோலவே அதற்கும் துக்கம் காக்கின்றனர்.

எறியுளியாளரை லமாஃபா என்பார்கள். பின்புறம் சுக்கான் பிடிப்பவர் ஒருவர், துடுப்புத் தள்ளுவோர், நீர் இறைப்போர், எறியுளிகளைத் தயார் செய்து கொடுக்கும் துணையாள் என ஒரு படகில் பத்துக்கும் மேற்பட்டோர் இருப்பர். கரையில் யாரேனும் திமிங்கில மூச்சைக் கண்டால் “பாலேயோ! பாலேயோ!” என்று கத்துவார், அந்தக் குரலை வீட்டுக்கு வீடு வாங்கிக் கத்த, சில நிமிடங்களில் ஊர் முழுதும் கடற்கரைக்கு வந்துவிடும். பருவம் முடிந்த மாதங்களிலும் இந்தக் குரல் கேட்டால் படகுகள் இறங்கும். திமிங்கிலத்தை நெருங்கும்போது பாயை இறக்கிவிட்டு, ஒருவரையொருவர் ஊக்கப்படுத்திக்கொண்டும் செபம் சொல்லிக்கொண்டும் மூச்சைப் பிடித்துத் துடுப்புத் தள்ளுகின்றனர். தகுந்த தூரம் வந்ததும் லமாஃபா நீண்ட மூங்கில் கழியின் முனையில் இரும்பு எறியுளியைச் செருகிக்கொண்டு, தன் உடலின் முழு எடையையும் அதன் மேல் செலுத்தி, மேடையிலிருந்து திமிங்கிலத்தின் மேல் பாய்கிறார். அத்தனை தடித்த தோலையும் கொழுப்பையும் துளைக்க வெறும் கைவீச்சின் வலு போதாது. அதனால்தான் இந்தப் பாய்ச்சல். எறியுளி பதிந்ததும் மூங்கில் கழன்றுவிடும். அவர் நீந்திப் படகுக்குத் திரும்ப வேண்டும்.

ஆபத்தின் பெரும்பகுதி அதற்குப் பிறகே வருகிறது. எறியுளியோடு பிணைத்த கயிறு, பருத்தி நூலையும் மர நாரையும் முறுக்கித் திரித்து, மிகுந்த கவனத்தோடு செய்யப்படுவது. திமிங்கிலம் ஆழத்துக்குப் பாயும்போது அது படகின் நடுவே மின்னல் வேகத்தில் ஓடும். அதில் கையோ காலோ சிக்கினால் இழக்க நேரிடும். அவ்வாறு இழந்தவர்களும், கடலுக்குள் இழுத்துச் செல்லப்பட்டு உயிரிழந்தவர்களும் உண்டு. ஒரு படகால் பெரிய ஆண் திமிங்கிலத்தை அடக்க முடியாது. ஆகவே இரண்டு, மூன்று படகுகள் சேர்ந்து கயிறு இணைக்கும். மணிக்கணக்கில் அது படகுகளை இழுத்துக்கொண்டு ஓடும். களைத்த பிறகு ஆட்கள் நீரில் குதித்து நீண்ட கத்தியால் அதைக் கொல்வார்கள். 1994-ஆம் ஆண்டு மார்ச்சில், ஒரு திமிங்கிலம் சில படகுகளைக் கரை கண்ணுக்குத் தெரியாத தொலைவுக்கு இழுத்துச் சென்றுவிட, அவற்றிலிருந்தோர் நாள்கணக்கில் உணவும் நீருமின்றித் தத்தளித்து, கடைசியில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிவந்த ஒரு கப்பலால் மீட்கப்பட்டனர்.

இனி, நான் முதன்மையானது என்று சொன்ன செய்திக்கு வருகிறேன். கொன்ற திமிங்கிலத்தைக் கரைக்கு இழுத்து வந்து, பொதுவாக மறுநாள் வெட்டத் தொடங்குகின்றனர். எங்கே கத்தி வைப்பது, எந்தக் கோட்டோடு அறுப்பது, எந்தத் துண்டு யாருக்கு என்பவை எல்லாம் முன்கூட்டியே வரையறுக்கப்பட்டவை. உடலின் ஒவ்வொரு பகுதிக்கும் தனிப்பெயரும் தனி உரிமையாளரும் உண்டு. படகு ஒரு தனிமனிதனுடைய உடைமை அன்று. குலத்தை மையமாகக் கொண்ட ஒரு குழு அதற்கு உரிமையுடையது. அக்குழுவின் உறுப்பினர்களுக்கு, அவர்கள் அன்று கடலுக்குப் போனாலும் போகாவிட்டாலும், குறிப்பிட்ட பங்கு உண்டு. கடலுக்குப் போன ஆட்களுக்குத் தனிப்பங்கு. லமாஃபாவுக்கு ஒரு பங்கு. படகு கட்டிய தச்சர், எறியுளி அடித்த கொல்லர், பாய் முடைந்தவர் ஆகியோருக்கு ஒவ்வொரு பங்கு. தலைப்பகுதியிலிருந்து மண்ணுரிமைக் குலத்தாருக்கு ஒரு பங்கு. திமிங்கிலத்தை அழைத்தவர்கள் அவர்கள்தாமே. இத்தனையும் முடிந்தபின், பங்கு பெற்ற ஒவ்வொரு வீட்டாரும் தங்களுக்குக் கிடைத்ததிலிருந்து உறவினருக்கும், அண்டை வீட்டாருக்கும், கடலுக்கு அனுப்ப ஆள் இல்லாத கைம்பெண்களுக்கும் முதியோருக்கும் கொடுக்கின்றனர். ஒரு திமிங்கிலம் விழுந்தால் இறைச்சி போய்ச் சேராத வீடு ஊரில் அரிது.

இவ்வளவு நுணுக்கமான விதிகள் ஏன் தேவைப்பட்டன என்று யோசித்துப் பார்க்க வேண்டும். எந்தப் படகுக்கு எந்த நாள் திமிங்கிலம் கிடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது; பல வாரங்கள் வெறுங்கையோடு திரும்பும் படகு ஒன்று திடீரென்று ஒரே நாளில் ஊருக்கே போதுமான இறைச்சியைக் கொண்டுவரக்கூடும். அந்த இறைச்சியை ஒரு வீட்டார் வைத்துக்கொள்ளவும் முடியாது, கெட்டுவிடும். இன்று கொடுத்தவன் நாளை வாங்குவான் என்னும் உறுதிதான் அவர்களுக்குச் சேமிப்பு. அதோடு, உயிரைப் பணயம் வைத்து ஒன்றாக உழைத்தவர்கள் கரைக்கு வந்தபின் பங்குக்காகச் சண்டையிட்டால், மறுநாள் அதே படகில் அவர்களால் ஏற முடியாது. பங்கை முன்பே விதியாக வகுத்துவிட்டால் சண்டைக்கு இடமில்லை.

இதைப் பற்றி ஒரு புகழ்பெற்ற ஆய்வு உண்டு. 12 நாடுகளில் 15 சிறு சமுதாயங்களில், ஜோசப் ஹென்ரிக் முதலிய ஆய்வாளர்கள் ஒரே சோதனையை நடத்தி 2001-இல் முடிவுகளை வெளியிட்டனர். இருவரில் ஒருவருக்கு ஒரு தொகை கொடுக்கப்படும். அதில் எவ்வளவை மற்றவருக்குத் தருவது என்று அவர் தீர்மானிக்க வேண்டும். மற்றவர் ஏற்றால் இருவருக்கும் கிடைக்கும், மறுத்தால் இருவருக்கும் ஒன்றுமில்லை. பெருவின் காடுகளில் பெரும்பாலும் குடும்பம் குடும்பமாகத் தனித்து வாழும் மாச்சிகெங்கா மக்கள் சராசரியாக 26 சதவீதத்தையே கொடுக்க முன்வந்தனர். லமலேராவில் மைக்கேல் அல்வார்ட் என்னும் மானிடவியலாளர் இதை நடத்தினார். பணம் வைத்தால் சூதாட்டம்போல் தோன்றும் என்பதால் சிகரெட் பாக்கெட்டுகளைப் பயன்படுத்தினார். அங்கே கிடைத்த சராசரி 58 சதவீதம்; அந்தப் பதினைந்து சமுதாயங்களிலும் அதுவே மிக உயர்ந்தது. தனக்குப் பாதிக்கும் குறைவாக வைத்துக்கொண்டு மற்றவருக்குப் பாதிக்கும் மேலாகக் கொடுப்பது அவர்களுக்குக் கருணைச் செயலாகத் தோன்றவில்லை. கடற்கரையில் சிறுவயது முதல் பார்த்துப் பழகிய பங்கீட்டின் தொடர்ச்சியாகவே அதைக் கருத வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

பங்காகக் கிடைத்த இறைச்சி ஆண்களின் கையிலிருந்து பெண்களின் கைக்கு மாறுகிறது. அவர்கள் அதை நீண்ட கீற்றுகளாக அறுத்து மூங்கில் பரண்களில் வெயிலில் உலர்த்துகின்றனர். கொழுப்பிலிருந்து வடியும் எண்ணெயைக் கீழே கலம் வைத்துப் பிடிக்கின்றனர். முன்பு வீடுகளில் விளக்கு எரிந்தது அந்த எண்ணெயில்தான். உலர்ந்த கீற்றுகளைக் கூடையில் வைத்துத் தலையில் சுமந்து மலையூர்களுக்கு ஏறிச் சென்று, மக்காச்சோளத்துக்கும், வாழைப்பழத்துக்கும், கிழங்குக்கும் மாற்றி வருவது அவர்களது பொறுப்பு. அருகிலுள்ள வுலாண்டோனியில் சனிக்கிழமைதோறும் கூடும் பண்டமாற்றுச் சந்தையில் பணத்துக்கு அதிக வேலையில்லை. இத்தனை கீற்றுக்கு இத்தனை கதிர் என்று எண்ணிக்கையால் மாற்றிக்கொள்கின்றனர். வறுத்த சோளத்தைச் சுடச்சுடக் கல்லில் வைத்துத் தட்டிச் செய்யும் சோள அவல் இப்பகுதியின் அன்றாட உணவு. கடலோரத்தான் உண்ணும் அந்தச் சோளம் மலையில் விளைந்தது, மலையிலுள்ளவன் உண்ணும் இறைச்சி கடலில் கிடைத்தது. ஆகவே திமிங்கிலம் லமலேராவுக்கு மட்டும் உணவன்று. கடலையே தொழிலாகக் கொள்ளாத பல ஊர்களுக்கும் அதுவே புலால்.

பெண்கள் நெய்யும் துணியையும் சொல்ல வேண்டும். நூலை முடிச்சிட்டுக் கட்டி, அவுரியிலும் நுணா வேரிலும் சாயம் தோய்த்து நெய்யும் அந்தத் துணிகள் திருமணச் சீரில் இன்றியமையாதவை. மணமகன் வீட்டார் கொடுக்கும் யானைத் தந்தத்துக்கு ஈடாக மணமகள் வீட்டார் கொடுப்பவை அவையே. யானையே இல்லாத தீவுகளுக்குத் தந்தம் பழைய கடல் வணிகத்தின் வழியாக வந்து, தலைமுறை தலைமுறையாகக் குலத்துக்குக் குலம் கைமாறிக்கொண்டிருக்கிறது. அதே வணிகத்தில் குஜராத்திலிருந்து வந்த பட்டோலாப் பட்டுகளின் கோலங்கள் இத்துணிகளில் பதிந்திருப்பதை, லமலேரா நெசவை நெடுங்காலம் ஆராய்ந்த ரூத் பார்ன்ஸ் எடுத்துக்காட்டியுள்ளார். படகும் திருக்கையும் திமிங்கிலமும் அதே துணியில் அந்தக் கோலங்களோடு இடம்பெறுகின்றன.

இந்த வேட்டைக்குச் சட்டத்தில் அனுமதி உண்டா என்றால், விடை சற்றுச் சிக்கலானது. 1986 முதல் வணிக வேட்டையை நிறுத்திவைத்திருக்கும் சர்வதேசத் திமிங்கில ஆணையத்தில் இந்தோனேசியா உறுப்பு நாடு அன்று. ஆகவே அந்தத் தடை அதைக் கட்டுப்படுத்தாது. ஆனால் இந்தோனேசியாவின் சொந்தச் சட்டம் திமிங்கில இனங்களைப் பாதுகாக்கப்பட்டவையாக 1999-இல் பட்டியலிட்டிருக்கிறது. ஏட்டில் தடை இருந்தும், வயிற்றுப்பாட்டுக்காகப் பரம்பரை முறையில் நடக்கும் வேட்டை என்பதால் லமலேராவின் மேல் அதைப் பெரும்பாலும் செலுத்தாமல் இருந்துவருகின்றனர். 2009-இல் சவு கடலை ஏறத்தாழ 35 லட்சம் ஹெக்டேர் பரப்புள்ள தேசியக் கடற்பூங்காவாக அறிவித்தபோது ஊரார் கடுமையாக எதிர்த்தனர். லெம்பாத்தாவின் நீர்ப்பகுதி பூங்காவுக்கு வெளியே விடப்பட்டது.

இதற்கு நேர்மாறான தலையீடும் ஒருகாலத்தில் நடந்தது. 1973-இல் ஐக்கிய நாடுகள் சபையின் உணவு, வேளாண்மை அமைப்பு, இவர்களின் வேட்டையை நவீனப்படுத்தும் நோக்கில் ஒரு வேட்டைக் கப்பலையும் நோர்வே நாட்டு வேட்டைக்காரர் ஒருவரையும் அனுப்பிவைத்தது. மூன்று ஆண்டுகளில் அந்த முயற்சி தோல்வியில் முடிந்தது. கூடுதலாகக் கொல்லக் கற்றுக்கொடுக்க முயன்ற அதே உலகம், ஒரு தலைமுறை கழிவதற்குள் கொல்லவே கூடாது என்று சொல்ல வந்ததை அந்த ஊரின் முதியோர் தங்கள் வாழ்நாளிலேயே பார்த்தார்கள். அவர்கள் வெளியாரின் அறிவுரையை எளிதில் நம்பாததற்கு இது போதிய காரணம்.

எண்ணிக்கையையும் பார்க்கலாம். 2007-இல் 39 எண்ணெய்த் திமிங்கிலங்கள் கிடைத்தன. அதன்பின் 2014 வரை ஆண்டுக்குச் சராசரியாக இருபது. 2015-இல் ஆறு மட்டுமே. 1960-களில் தொழிற்சாலைக் கப்பல்கள் ஒரே ஆண்டில் 20,000-க்கும் மேற்பட்ட எண்ணெய்த் திமிங்கிலங்களைக் கொன்றன. அந்த இனம் இன்று அரிதாகிப் பாதுகாப்பு தேவைப்படும் நிலைக்கு வந்ததற்கு லமலேரா காரணமில்லை. அறிவும் குடும்ப உறவும் மிக்க ஒரு விலங்கு துடித்துச் சாவது வருத்தத்துக்குரியது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் உயிரைக் கொடுத்துப் பிடித்து, ஒரு துண்டும் வீணாக்காமல் ஊரோடு பகிர்ந்து உண்பவர்களிடம் முதலில் கணக்குக் கேட்பது நியாயமில்லை.

உண்மையில் கவலைப்பட வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது. கடந்த சில பத்தாண்டுகளில் மோட்டார் பொருத்திய சிறு படகுகள் வந்துவிட்டன; ஒரு மோட்டார் நிறுவனத்தின் பெயரால் அவற்றை ஜோன்சன் என்கின்றனர். இன்று திமிங்கிலம் தென்பட்டால் ஜோன்சன்தான் தெனாவை அருகே இழுத்துச் செல்கிறது. மற்ற இரைகளை அதுவே நேரடியாகத் துரத்துகிறது. மிதவை வலையும் வந்தது. ஓரிருவர் இரவில் வலை விரித்துக் காலையில் மீனோடு திரும்பலாம், அதற்குத் தெனாவின் பங்கு விதிகள் பொருந்தா, எடுத்தவனுக்கே மீன். பள்ளிக் கட்டணம், மருத்துவம், மோட்டாருக்கு எரிபொருள் ஆகிய எல்லாவற்றுக்கும் பணம் தேவைப்படும்போது இளைஞர்கள் அந்தப் பக்கம் திரும்புவதைக் குறைசொல்ல முடியாது. ஆயினும் பங்கு முறை தளர்ந்தால் முதலில் பட்டினி கிடப்பது கடலுக்கு அனுப்ப ஆள் இல்லாத வீடுகள்தாம்.

கடலுக்கும் இதில் இழப்பு உண்டு. லமலேராவினர் எண்ணெய்த் திமிங்கிலத்தோடு ஓங்கில், சுறா, யானைத் திருக்கை ஆகியவற்றையும் பிடிக்கின்றனர். யானைத் திருக்கை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே குட்டியை ஈனும் இனம்; மிகுதியாகப் பிடித்தால் மீளாது. முன்னே சொன்ன லமக்கேராவில் நடந்தது இதுவே: அதன் செவுள் தட்டுகளுக்குச் சீன மருந்துச் சந்தையில் விலை கிடைக்கத் தொடங்கியதும், மோட்டாரும் வலையும் கொண்டு பெருமளவில் பிடித்தனர், சில ஆண்டுகளில் திருக்கையின் வரத்து வெகுவாகச் சரிந்துவிட்டது. 2014-இல் இந்தோனேசியா தன் கடல் முழுவதிலும் யானைத் திருக்கையைப் பிடிக்கத் தடைவிதித்தது. ஊரின் உணவுக்காகப் பங்கிட்டுப் பிடிக்கும்போது தேவைக்கு ஓர் எல்லை இருந்தது. தொலைவிலுள்ள சந்தைக்காகப் பிடிக்கும்போது அந்த எல்லை காணாமல் போகிறது. ஆகவே பாதுகாப்பாளர்கள் எறியுளியோடு மோதுவதை விட்டு, வெளிச்சந்தைக்குப் போகும் திருக்கைச் செவுளையும் சுறாத் துடுப்பையும் தடுப்பதிலும், பங்கு முறைக்குத் துணைநிற்பதிலும் கவனம் செலுத்தினால் திமிங்கிலத்துக்கும் ஊருக்கும் ஒருசேர நன்மை உண்டாகும் என்பது என் உறுதியான எண்ணம்.

போவது எப்படி என்றால், மேற்குத் தீமோரிலுள்ள குப்பாங்கிலிருந்து சிறு விமானத்திலோ, லாராந்துகாவிலிருந்து படகிலோ லெவோலேபாவை அடைய வேண்டும். அங்கிருந்து தீவின் குறுக்கே மலைப்பாதையில் சில மணி நேரப் பயணம். விடுதி என்று பெரிதாக ஒன்றும் எதிர்பார்க்கக் கூடாது, வீடுகளில் தங்கவைக்கின்றனர். மே மாதத் தொடக்கத்தில் சென்றால் சடங்குகளையும் திருப்பலியையும் காணலாம். திமிங்கிலம் வருமா என்பதற்கு யாரும் உறுதி தர முடியாது, அதைக் காணாமலே திரும்புவோர்தாம் மிகுதி. படகில் ஏற விரும்பினால் ஊராரிடம் முறையாகக் கேட்டு, அவர்கள் கேட்கும் கட்டணத்தைக் கொடுத்து, வேட்டை நேரத்தில் அவர்கள் வழியில் குறுக்கிடாமல் இருக்க வேண்டும். கையில் பணம் இருந்தால் பெண்கள் நெய்த துணியை வாங்குங்கள். படகில் பங்கில்லாத வீடுகளுக்கும் நேரடியாகப் போய்ச் சேரும் வருமானம் அது. திமிங்கிலப் பல்லில் செதுக்கிய மோதிரங்களை மட்டும் வாங்காதீர்கள். எண்ணெய்த் திமிங்கிலத்தின் எந்தப் பகுதியையும் நாடுகளுக்கிடையே கொண்டுசெல்வது சர்வதேச உடன்படிக்கையால் தடைசெய்யப்பட்டது, விமான நிலையத்தில் பறிமுதல் செய்துவிடுவார்கள்.